நாற்றங்கால் மண்

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு என்று நினைக்கிறேன். காரைக்காலை அடுத்த வரிச்சிக்குடிப் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு நெல் வயல் இருந்தது. அதற்குக் கிழக்கே ஒருவர் இறால் குட்டை வெட்டினார். மேற்கே, எங்கள் வரப்பை ஒட்டி, ஓர் அக்காவின் வயல். கணவரை இழந்து, அந்த நிலத்தை மட்டுமே நம்பி இரண்டு பெண்களை வளர்த்தவர். எங்களுக்கு உறவில்லைதான். ஆனால் என் பிரசவத்தின்போது பத்தியச் சோறு ஆக்கிப்போட்டவர் அவர்.

குட்டை வந்த கொஞ்ச நாளிலேயே எங்கள் இரண்டு வயலிலும் பயிர் நுனி கருகத் தொடங்கியது. வெயில் ஏறினால் வயலில் வெள்ளையாக உப்புப் பூத்தது. அக்காதான் சும்மா இருக்காமல் விவசாய அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்து மனு கொடுத்தார். கடைசியில், குட்டைத் தண்ணீரால் சுற்றியுள்ள நிலம் கெட்டிருக்கிறதா என்று பார்க்க மண் பரிசோதனைக்காரர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு துணிப்பை கொடுத்து, வயலில் பல இடங்களில் மண் எடுத்து, கலந்து, மறுநாள் கொண்டுவரச் சொன்னார்கள். உப்பு ஏறியது உறுதியானால் குட்டையை மூடச் சொல்வார்கள் என்று ஊரில் பேச்சு.

என் கணவர் எதிலும் குறை வைக்காத மனிதர். விருந்தாளிக்குப் போட்ட இலை கிழிசலாக இருந்தாலே அவருக்குச் சோறு இறங்காது. அன்று முறத்தில் மண்ணைக் கொட்டி, கல், வைக்கோல் எல்லாம் பொறுக்கி, நான் அரிசி புடைப்பதைவிடச் சுத்தமாகப் பையில் கட்டினார். "பவுடரு மட்டுந்தான் பூசல" என்று கேலி செய்தேன். அவரும் சிரித்துக்கொண்டார்.

முடிவு வந்தது. எங்கள் மண் நல்ல மண்ணாம். அக்காவின் மண்ணில் உப்பாம். குட்டைக்கும் அவர் வயலுக்கும் நடுவில் இருப்பது எங்கள் வயல். நடுவிலேயே உப்பு இல்லாதபோது அதைத் தாண்டி எப்படிப் போயிருக்கும்? அக்காவின் போர்வெல் தண்ணீரும் அவர் போட்ட உரமும்தான் காரணம் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் வயலிலும்தான் உப்புப் பூத்துக் கிடந்ததே! கணவரைக் கேட்டேன். வீட்டுக் கொல்லையில் வருஷா வருஷம் எரு கொட்டி நாற்று விடுகிற இடத்து மண்ணைக் கொடுத்திருக்கிறார்!

"ஏங்க, கெட்டுப்போன வயலப் பாக்கத்தானங்க வந்தாங்க?"

"அதுக்காவ நம்ம மண்ண நாலு பேரு முன்னால உப்பு மண்ணுன்னு சொல்ல வுடணுமா? வந்து கேக்குறவங்களுக்கு நல்லதத்தான குடுப்பாங்க?"

கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏமாற்ற நினைத்தவர் இல்லை அவர். யாராவது விதைநெல் கேட்டால் நல்லதாகப் பார்த்து அளந்து கொடுப்பாரே, அதே நினைப்பில் செய்துவிட்டார். நான் அக்காவின் வயலைப் பற்றிச் சொன்னதும்தான் அவருக்கு உறைத்தது. முகம் செத்துப்போயிற்று. உடனே வயல் மண்ணை அள்ளிக்கொண்டு சைக்கிளில் காரைக்காலுக்கு ஓடினார். எல்லாம் முடிந்து மேலிடத்துக்கு எழுதியாகிவிட்டது, அடுத்த முறை வரும்போது பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "போவட்டும் தங்கச்சி, ஒங்க ஊட்டுக்காரரு கொணம் எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட எழுந்தார்.

அடுத்த முறை என்று யாரும் வரவேயில்லை. விளைச்சல் அடியோடு போனதும், அக்கா தன் நிலத்தை அதே இறால் குட்டைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பெண்களோடு திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். இன்று எங்கள் வயலுக்கு இரண்டு பக்கமும் குட்டை. எங்கள் மண் கெட்டுவிட்டதென்று அன்று ஊரே பேசியிருந்தால்தான் என்ன, அக்கா இன்னும் அந்த வரப்பில் நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாரே என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.