மான் சளி

துப்பாக்கிக் குழாய் துடைக்கும் திரவம் கேட்டு எங்கள் ஹார்டுவேர் கடைக்கு யார் வந்தாலும் ஆர்விட் உடனே அலமாரியைத் திறப்பதில்லை. "உங்க வீட்டச் சூடாக்குற ஹீட்டர் எங்க இருக்கு?" என்பார். வந்தவர் முழிப்பார். மான் வேட்டை தொடங்க நாலே நாள், வரிசை வாசல்வரை நிற்கிறது, இவர் வீட்டு நிலவரம் விசாரித்துக்கொண்டிருப்பார். பெண் கொடுக்கப் போகிறவர்கூட இத்தனை கேட்கமாட்டார் என்று பெயின்ட் கவுண்டரிலிருந்து நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

அவருக்கு வயது எழுபத்தொன்று. புட்டிகளை விலைப்படி அடுக்கமாட்டார், நெடிப்படிதான். இடது ஓரம் அம்மோனியா கலந்தது, கண்ணைக் கரிக்கும். நடுவில் வாழைப்பழ மணம் அடிக்கும் பழுப்புத் திரவம். எங்கள் விஸ்கான்சின் பக்கத்தில் பாதிப் பேருக்கு, துப்பாக்கி துடைத்த அப்பா என்றால் நினைவுக்கு வருவது அந்த மணம்தான். வலது ஓரம் மணமில்லாதது. அதற்கும் அவரிடம் நற்சான்று கிடையாது. "மணக்கலைன்னா ஒண்ணும் பண்ணாதுன்னு யாரு சொன்னா? கராஜ் கதவத் தொறந்து வெச்சுட்டுச் செய்யி."

செவ்வாய்க்கிழமை கோடி என்கிற பையன் வந்தான். மர ஆலையில் வேலை, கைக்குழந்தைக்காரன். பழுப்புப் புட்டி கேட்டான்.

"எங்க உக்காந்து தொடைக்கிற?"

"வீட்டுக்கு அடியில, பேஸ்மென்ட்லதான். வெளிய பல்லு கிட்டுது பெருசு."

"ஹீட்டர்?"

"பக்கத்துலயே. கதகதன்னு இருக்கும்."

எடுத்த புட்டியை ஆர்விட் திரும்ப உள்ளே வைத்தார்.

"என்ன பெருசு, சும்மாவா கேக்குறேன்?"

"வீட்ல யாருக்காவது மூச்சு எளைக்குதா?"

"பாப்பாவுக்குக் கொஞ்சம் இழுக்குது. சளிதான்."

"நாங்களும் அப்படித்தான் சொன்னோம்" என்றார் ஆர்விட். வலது ஓரத்துப் புட்டியோடு கோடி முணுமுணுத்துக்கொண்டே போனான்.

ஆர்விட்டும் முப்பது வருடம் பேஸ்மென்டில், ஹீட்டரை ஒட்டித்தான் துப்பாக்கி துடைக்க உட்கார்ந்தார். ஹீட்டர் அந்த நெடிக் காற்றை இழுத்து, சூடாக்கி, வீடு முழுக்க ஊதியது. மனைவி மார்லிஸ் படுக்கும் அறைக்கும்தான். வேட்டை மாதமான நவம்பர் வந்தால் அவளுக்கு இருமல் வரும். மான் சளி என்று வீட்டில் அதற்கொரு பெயரே வைத்திருந்தார்கள். "நீ சுடுற மானெல்லாம் என் நெஞ்சுலதான் வந்து படுக்குது" என்று அவளே சிரிப்பாள். ஒரு வருடம் இருமல் நிற்கவேயில்லை. ஆர்விட் பூனைமேல் சந்தேகப்பட்டு, அதை அவள் தங்கையின் பண்ணையில் கொண்டு விட்டார். இரண்டு நாள் அவள் அழுதாள். இருமல் போகவில்லை. கடைசியில் ஒரு டாக்டர்தான், ஹீட்டர் எங்கே, பக்கத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அதற்குள் ஆக்சிஜன் குழாய் மாட்டும் அளவுக்கு வந்துவிட்டது.

அது ஒன்றுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆர்விட் சொல்கிறார். "மூக்கு எனக்கும் இருந்துச்சுல்ல? போயும் போயும் பூனை மேல பழியப் போட்டேன்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அப்புறம் ஏன் இந்தக் கவுண்டரிலேயே நிற்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "நான் போயிட்டா, கேக்காம வித்துருவானுங்க."

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவருடைய வண்டி கிளம்பவில்லை. நான்தான் வீட்டில் இறக்கிவிட்டேன். போட்டிருந்த கோட்டைக் கழற்றி கராஜ் ஆணியில் மாட்டினார். அங்கிருந்த தொட்டியில் முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்தார். பிறகு வீட்டுக் கதவருகே போய், நகம் காட்டும் பள்ளிக்கூடப் பிள்ளையாக இரண்டு கைகளையும் நீட்டினார். மூக்கில் குழாயோடு மார்லிஸ் குனிந்து மோந்து பார்த்தாள்.

"ஒண்ணும் மணக்கல. உள்ள வா மனுசா, குளிருது."

ஆர்விட் தன் உள்ளங்கையைத் தானே ஒருமுறை மோந்து பார்த்தார். திரும்பித் தொட்டிக்கே போனார்.