செங்கேணிக்குப் போட்ட ஆப்சென்ட்

செங்கேணியை மக்கு என்று பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பப் பார்த்தேன், தப்பு என்னுடையது. வாத்தியார் வேலையில் ஒரு வசதி உண்டு: படிப்பு வராவிட்டால் பிள்ளை மக்கு, வந்துவிட்டால் வாத்தியார் கெட்டிக்காரர். நீங்களும் அந்தப் பிழைப்புதானே? கேளுங்கள்.

எதிரே இருந்தவள்

பிரெஞ்சுக் கொடி இறங்கிய புதிது. பேர் கூப்பிட்டால் ‘பிரெசான்’ போய் ‘உள்ளேன் ஐயா’ வந்திருந்தது. நாலாம் வகுப்பில் செங்கேணி மட்டும் பிரெசானை விடவில்லை. பக்கத்தில் அஞ்சலை எழுந்து உட்கார்ந்ததும் இவள் எழுந்து சொல்வாள்.

ஒருநாள் அஞ்சலை வரவில்லை. செங்கேணியை மூன்று தடவை கூப்பிட்டேன். முன்பெஞ்சில் இருந்துகொண்டு விழிக்கிறாள். கோபத்தில் ஆப்சென்ட் போட்டேன். பின்னால் ஒருத்தி கேட்டாள்:

“எதிர்க்க குந்திகினு இருக்கிறவளுக்கா ஐயா ஆப்சென்ட்டு?”

மீன்கூடை

அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். வாசலில் மீன்கூடையை இறக்கிவிட்டு வந்தாள். மகளுக்குக் காது கேட்குமா என்றேன். அலைக்கு மேலே பேசிப் பழகிய குரல். அடுத்த தெருவுக்கே கேட்டது:

“கேக்காம இன்னா வாத்தியாரே? நான் கூப்டா கட்டுமரத்தாண்டயிருந்து ஓடியாருவா. மொதல்ல உன் தொண்டைய செரி பண்ணு!”

மூன்றாம் வகுப்பு டீச்சர்

ஒன்றும் பிடிபடவில்லை. இவளுக்குப் படிப்பு வராது, பேரை அடித்துவிடலாம் என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அவளுடைய பழைய டீச்சரம்மாவிடம் சொன்னேன். முறைத்தாள்.

“எங்கிட்ட கணக்குல அவதான் சார் முதல். உங்ககிட்ட வந்துதானே மக்காயிட்டா?”

ஞாயிற்றுக்கிழமை சவரம்

அப்போது எனக்கு மீசை பெரிது. இரண்டு உதட்டையும் மூடும். அந்த ஞாயிறு நாவிதருக்குத் தும்மல் வந்து, கத்தி ஒரு பக்கம் ஏறிவிட்டது. மறுபக்கத்தையும் எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் வகுப்பே சிரித்தது. அதட்டிவிட்டு, வேண்டுமென்றே செங்கேணியை முதலில் கூப்பிட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் துள்ளி எழுந்தாள். “பிரெசான்!” பதினேழைந்து எவ்வளவு என்றேன். எண்பத்தைந்து என்றாள். நான்தான் விழித்தேன். அஞ்சலை சொன்னாள்:

“அவளுக்குக் காது மந்தம் ஐயா. வாயப் பாத்துதான் புரிஞ்சிப்பா. உங்களுக்கு வாயே இல்லன்னு நெனச்சிகினு இருந்தா.”

கையெழுத்தாகுமுன் கடிதத்தைப் பிடுங்கிக் கிழித்தேன். அவள் எட்டாம் வகுப்பு பாஸானபோது ஊர் எனக்கு மாலை போட்டது, ஆனால் அது போயிருக்க வேண்டிய கழுத்து, தும்மிய நாவிதர் நடேசனுடையது.