மேற்கே பொங்கிய பால்

அன்றைக்கு வாசலில் அடுப்பைச் சுற்றி நின்றவர்கள் ஆறு பேர். அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, அப்பாவின் தங்கையான அத்தை, அத்தையின் இடுப்பில் பால் மறக்காத பாப்பா, பிறகு நான். யாரையும் விட்டுவிடவில்லையே என்று திரும்பவும் எண்ணிப் பார்த்துவிட்டேன். அத்தையின் புருஷன் இல்லை. வில்கமுவப் பக்கம் வயல் வேலைக்கென்று போன மனுஷன், பாப்பாவின் முகத்தைப் பார்க்கக்கூட வரவில்லை.

மாத்தளைக்கு மேலே, மிளகும் கொக்கோவும் போட்ட தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று, எங்கள் லயம். சித்திரை வருஷம் பிறந்தால் கீழே சிங்கள வீடுகளில் ரேடியோ சொல்லும் நேரத்துக்கு அடுப்பு மூட்டுவார்கள். எங்களுக்குக் கோயில் ஐயர் சொல்வதுதான் நேரம். அப்பா இரண்டுக்கும் பயந்தவர். அவர்கள் அடுப்பு மூட்டாத நேரத்தில் எங்கள் வீட்டிலும் தேத்தண்ணி கிடையாது. எங்கள் நேரம் வந்தால் ஐயர் மூலிகை போட்டுக் காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் தேய்த்துத்தான் விடுவார். அன்றைக்கு விளக்குமாற்றைத் தொடக்கூடாது, உப்பு இரவல் கொடுக்கக்கூடாது. இப்படி அவரிடம் நிறைய இருந்தன. அதில் பாதி இப்போது என்னிடம் இருக்கிறது.

அந்த வருஷம் அத்தையை சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப் பேச்சு நடந்தது. ஏஜென்சி ஆளைக் கூட்டிவந்தது மாமாதான். பாஸ்போட்டும் ஏஜென்சிக்குப் போய்விட்டது. அம்மா மட்டும் இடைக்கிடை, “பாப்பா இன்னும் பால் மறக்கலியே” என்பாள். அப்பாவால் போ என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. கடைசியில் பொறுப்பைப் பால் சட்டியிடம் கொடுத்துவிட்டார்.

“வருஷத்துக்குக் கிழக்கால, வடக்கால பொங்குனா அனுப்புவோம். வேற பக்கம் பொங்குனா பாஸ்போட்ட திருப்பிக் கேட்டுறலாம். என்னா தங்கச்சி?”

“சரிங்கண்ணே. பால் சொல்றபடியே செய்வோம்” என்றாள் அத்தை. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று எல்லாருக்கும் நிம்மதி.

வருஷத்தன்று விடிய, வாசலில் சாணி மெழுகிக் கல் கூட்டியது அவள்தான். நான் மாவிலை கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன். கிழக்குப் பக்கத்துக் கல்லின்மேல் சின்னதாக ஒரு ஓட்டுத் துண்டை வைத்து, அதன்மேல் சட்டியை ஏற்றினாள். கொஞ்சம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். திரும்பியபோது நான் நிற்கிறேன்.

“யாருகிட்டயும் சொல்லாத. என்னா?”

தலையாட்டினேன். பெரியவர்கள் என்னோடு ரகசியம் வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

நேரம் வந்தது. அப்பா கைகூப்பி நின்றார். பால் நுரைத்து எழும்பி, ஒரு நிமிஷம் யோசிப்பதுபோல் நின்று, மேற்குப் பக்கமாக வழிந்தது. ஒரு சொட்டுக்கூட வேறு பக்கம் போகவில்லை. நெருப்பில் விழுந்து சுர்ரென்றது. அப்பாவின் முகம் வாடிவிட்டது. அத்தை பாப்பாவை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் கண்டேன்.

“அப்ப விட்டுருவோம்” என்று அப்பா மெல்ல ஆரம்பித்தார்.

மாமா கையைத் தட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

“என்னா மச்சான், எழவு வீடு மாதிரி நிக்கிறீங்க? கொழும்பு எந்தப் பக்கம்?”

“மேக்கால.”

“ஏர்போட்டு?”

“அதும் மேக்காலதான்.”

“சவூதி?”

அப்பா வழிந்த பாலையே பார்த்தார்.

“இங்கேருந்து நேரா ரோட்டு போட்டுக் காட்டுது. கிழக்கால பொங்கியிருந்தா இவ திருகோணமல கடல்லதான் விழணும்! ஏ புள்ள, ஒனக்குச் சாமியே டிக்கட் கிழிச்சுக் குடுத்துருச்சு!”

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அப்பா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. கீழே சிங்கள வீடுகளில் பட்டாசு வெடித்தது. அத்தை குனிந்து அரிசியை அள்ளிப் பாலில் போட்டாள்.

வைகாசியில் போனாள். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று என் பள்ளிக்கூடம் முதலில் குறைந்தது, பிறகு நின்றே போனது. அத்தை லீவில் வந்தபோது பாப்பா என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நான் கூப்பிடுவதைக் கேட்டு, தன் தாயை “அத்தே” என்றது. யாரும் திருத்தவில்லை. அவளும் திருத்தவில்லை. அந்த லீவு முடிந்ததும் மறுபடி போனாள்.

போன வருஷப் பிறப்புக்கு டிவியில் வெளிநாட்டு வழக்கங்களைக் காட்டினார்கள். ஒரு நாட்டில் மணி அடிக்க அடிக்கத் திராட்சைப் பழம் விழுங்குகிறார்கள். இன்னொரு இடத்தில் வாசலில் பீங்கானை உடைக்கிறார்கள். வேறெங்கோ, பயணம் வாய்க்க வேண்டுமென்று வெறும் பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி ஓடுகிறார்கள். வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊரிலேயே இருக்க வேண்டுமென்று செய்கிற சடங்கு ஒன்றையாவது காட்டுவார்கள் என்று கடைசிவரை பார்த்தேன். காட்டவில்லை.

பால் மேற்கே பொங்கிய அன்றைக்கு, பொங்கல் இறக்கியதும் அத்தை தண்ணீர் விழும் பீலிக்குப் போய்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே போய்க் குந்தினேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவள் காதுக்கிட்டே சொன்னேன்.

“அத்தே, நீங்க ஓட்டுத்துண்டு வச்சது நல்லதாப் போச்சு. சரியா சவூதிப் பக்கமே பொங்கிருச்சு!”

அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு ஈரக் கையால் என் கன்னத்தைத் தட்டிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

வைகாசிவரை நான் வாயே திறக்கவில்லை. அத்தைக்கு நான் செய்கிற பெரிய உதவி அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.