லாரி முதுகும் ஒரு பிடி உப்பும்

வெங்காய லாரி கிளம்பும் உறுமல் கேட்டதும் சுமிரா அக்கா அடுப்பைத் தணித்தார். கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையில் போனோடு சாலைக்கு ஓடினார். அவர் வயதுக்கும் உடம்புக்கும் அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் கடையில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அதைச் சொல்லும் தைரியம் கிடையாது. ஜாவாத் தீவின் ஆலாஸ் ரோபான் மேட்டில் ஏறி வரும் லாரிகள் மூச்சு வாங்க நிற்பது அவர் சாப்பாட்டுக்கடை வாசலில்தான். டிரைவர்கள் வண்டியின் பின்புறத்தை மண்மேட்டில் முட்டினாற்போல் நிறுத்திவிட்டுச் சாப்பிட வருவார்கள். எனவே லாரியின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க, அது புறப்பட்டுப் போகும் அந்தச் சிறிது நேரம்தான் வாய்க்கும்.

"தம்பி, மெதுவாப் போ. படம் ஆடுது."

"பின்னாடி வண்டி நிக்குதுக்கா. ஹாரன் அடிக்கிறான் பாரு."

"அடிக்கட்டும். அவன் முதுகையும் எடுத்துக்கிறேன்."

வெங்காய லாரியின் முதுகில் 'போகையில் புருஷன், திரும்புகையில் விருந்தாளி' என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தது. அக்கா படத்தை ஏற்றினார். கீழே #லாரிமுதுகு என்று போட்டார். பார்வை இல்லாதவர்களுக்காகப் படத்தில் என்ன இருக்கிறது என்று எழுதிச் சேர்ப்பது அந்த வலைத்தளத்தில் உள்ள நல்ல வழக்கம். மற்றவர்கள் ஒரு வரி எழுதுவார்கள். அக்கா எழுதினால் அது ஊர்க்கதை. 'சிவப்பு லாரி. பிரெபெஸ் ஊர் வெங்காயம். தார்ப்பாய் கிழிந்திருக்கிறது, சொன்னேன், கேட்கவில்லை. டிரைவருக்குப் போன மாதம் பெண் குழந்தை. நம் கடைச் சாறு இன்று சப்பென்று இருக்கிறது என்றான். அது பொய்.'

இந்த வலைத்தளத்தை அக்காவுக்கு அறிமுகம் செய்துவைத்தவள் ஹப்சாரி. பெக்கலோங்கானில் பாத்திக் என்ற மெழுகுச்சாயத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். ஒருமுறை இந்த மேட்டில் அவள் மோட்டார் சைக்கிள் பஞ்சராகிவிட, ஒட்டி முடிக்கும்வரை கடையில் வந்து உட்கார்ந்தாள். அப்போது அக்கா பெரிய வலைத்தளம் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "நான் லாரி கேட்டா இது எனக்குக் காய் நறுக்குற கத்தி காட்டுது. கத்தி வேணாம்னா சின்னப் பொண்ணுங்க டான்ஸ் காட்டுது. எனக்கு என்ன வேணும்னு இதுக்கு எப்படிம்மா என்னைவிட நல்லாத் தெரியும்?" ஹப்சாரி சிரித்துவிட்டு, முதலாளி என்று ஒருவர் இல்லாத இன்னொரு வலை இருக்கிறது, அங்கே யாரும் எதையும் நம் மூஞ்சியில் தள்ள மாட்டார்கள், நாமாகத் தேடினால்தான் உண்டு என்றாள். துணிக்கடையின் பின்னறையில் ஒரு பழைய கணினியை ஓடவிட்டு, பாத்திக் துணிக்காரர்கள், சைக்கிள்காரர்கள், பறவை பார்ப்பவர்கள் என்று கொஞ்சம் பேரை வைத்து அவளே ஒரு சர்வர் நடத்துகிறாள். அதில் அக்காவையும் சேர்த்துவிட்டாள். பாவம், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்துவிட்டாள்.

இப்போது அந்த சர்வரில் ஹேஷ்டேக் விஷயத்தில் அக்கா வைத்ததுதான் சட்டம். போடாதவனுக்கும் திட்டு, வாரிப் போடுகிறவனுக்கும் திட்டு. "ஒரு சோயா டெம்பே பொரியல் படத்துக்குப் பத்து ஹேஷ்டேக்கா? கல்யாணப் பத்திரிகையில மாமன் மச்சான் பேரெல்லாம் போடுற மாதிரி இருக்கு. சம்பல்ல மிளகாய் போடுற மாதிரி அளவாப் போடுங்க." அந்த ஊர் மொழிக்கு ரோமன் எழுத்து; இரண்டு சொல்லைச் சேர்த்து எழுதினால் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிதாகப் போட வேண்டும். அப்போதுதான் பார்வை இல்லாதவர்களின் போன் அதைப் பிரித்து வாசிக்கும். இதையும் ஹப்சாரிதான் சொல்லிக்கொடுத்தாள். ஒரு நாள் அவளே சின்ன எழுத்தில் போட்டுவிட்டாள். அக்கா எல்லோர் முன்னாலும் அவளைத் திருத்திவிட்டு, கீழே ஒரு ரோஜாப் பூவும் வைத்தார்.

பக்கத்தில் டயர் ஒட்டும் வாகிமானுக்கு மூன்று வேளையும் அக்கா கடையில்தான் சாப்பாடு. எதையும் சட்டென்று நம்பாதவர். "ஒரு ஹேஷ்டேக்கைத் தட்டினா உலகத்துல அதைப் போட்டவன் எல்லாரும் வந்து நிக்க வேண்டியதுதானே, அக்கா. அப்புறம் எதுக்கு ஆள் புடிக்கிறே?" என்று கேட்டார்.

"அது பெரிய கடையில, அண்ணே. இங்க ஒவ்வொரு சர்வரும் ஒரு வீடு. நம்ம வீட்டு ஆளு ஒருத்தராவது அவனைப் பின்தொடரணும். அப்பத்தான் அவன் போடுறது நம்ம வீட்டுக்குள்ள வரும். இல்லேன்னா அவன் அங்க ஹேஷ்டேக் போட்டுக் கத்திக்கிட்டே கெடப்பான், நமக்குக் காதே கேக்காது."

"கேக்கலேன்னா போகட்டும். நிம்மதி."

"நீங்க நிம்மதியா இருந்தது போதும். போனைக் குடுங்க."

அன்றைக்கு வாகிமானுக்கும் ஒரு கணக்குத் தொடங்கப்பட்டது. சுமத்ராவில் ஒருவரைக் கண்டுபிடித்துப் பின்தொடர்கிற எவருக்கும் அக்கா கடையில் ஒரு வாழைப்பழப் பொரியல் இலவசம். ஏன் சுமத்ரா, ஜாவாவில் லாரி இல்லையா என்று கேட்டால் பொரியல் கிடையாது. பறவை பார்க்கிறவர்கள் மீன்கொத்தியைத் தேடிப் போய் ஜாம்பியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து வந்தார்கள். வாகிமான், வாழைப்பழத்துக்கு ஆசைப்பட்டு, சியந்தாரில் காபிக்கடை வைத்திருக்கும் மாரோலோப் என்ற பாத்தாக் இனத்துக்காரரைப் பிடித்தார். மாரோலோப் நல்ல மனிதர். கடை வாசலில் நிற்கும் லாரியை எல்லாம் படம் எடுத்துப் போடுவார். ஆனால் ஒரு தடவையாவது ஹேஷ்டேக் போட வேண்டுமே. அக்கா ஒவ்வொரு படத்துக்கும் கீழே போய் ஞாபகப்படுத்துவார். அவரும் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்பார், மறுநாள் மறந்துவிடுவார்.

அக்கா கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அங்கே உப்பு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மேசைக்கு மேசை ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பு இருக்கும். வேண்டுமானால் "அந்த வெள்ளையை இப்படித் தள்ளுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தள்ளித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் இரண்டு வருஷமாக அக்காவின் சோத்தோ, அதுதான் அந்த மாட்டிறைச்சிச் சாறு, வாயில் வைக்க விளங்கவில்லை. இது ஊருக்கே தெரியும், அவரிடம் சொல்லத்தான் ஆளில்லை.

எல்லாம் துகிரானால் வந்தது. துகிரான் அக்காவின் ஒரே தம்பி, அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன், பச்சை லாரி ஒன்றுக்குச் சொந்தக்காரன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய நோன்புப் பெருநாளன்று, கடை நிறைய டிரைவர்கள் உட்கார்ந்திருக்க, ஒரு வாய் சோத்தோ குடித்துவிட்டு, "கடலைக் கொதிக்க வெச்சியாக்கா?" என்று கேட்டான். அக்கா, "உன் நாக்கு டயரு, அதுக்கு என்னடா தெரியும்?" என்றார். அதோடு விட்டிருக்கலாம். இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், எப்படி விடுவார்கள். கரண்டி ஒன்று பறந்தது. அடுத்த வாரம் பச்சை லாரியின் முதுகில் புதிதாக எழுத்து முளைத்திருந்தது: 'எச்சரிக்கை. ஆலாஸ் ரோபானில் என் அக்கா கடை. ஜாவாக் கடலைவிட உப்பு.'

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். துகிரான் லாரி ஓடுமளவும் நினைத்தான். செமாராங் நகரம் வரைக்கும் சிரிப்பு. அது மெய்தானா என்று ருசி பார்ப்பதற்கென்றே புது டிரைவர்கள் வந்தார்கள், வியாபாரம் கூடியது. அக்காவுக்குத்தான் மனசு விட்டுப்போயிற்று, பானையில் உப்புப் போடுவதையே நிறுத்திவிட்டார். "அந்த எழுத்தை அழிக்காம என் வாசல்ல அவன் காலை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அவனும் வைக்கவில்லை. சுமத்ராப் பக்கம் சரக்கு ஏற்றப் போய்விட்டான். இரண்டு பேரிடமும் இரண்டு பேர் நம்பரும் இருக்கிறது. யார் முதலில் கூப்பிடுவது?

எழுத்தை அழித்துவிட்டானா என்று அக்காவுக்குத் தெரிய வேண்டும். அழித்துவிட்டால் அந்த நிமிஷமே கூப்பிட்டுவிடலாம். ஆனால் யாரிடமும் கேட்கக் கூடாது. கேட்டால் தேடுகிறோம் என்று ஆகிவிடும். அவன் லாரியின் முதுகை யாராவது தற்செயலாகப் படம் எடுக்க வேண்டும், அது தற்செயலாக அக்கா கண்ணில் பட வேண்டும். இந்தத் தற்செயலுக்காகத்தான் அவர் இவ்வளவு பாடுபட்டார்.

"அந்த நாயி எங்க போனா எனக்கென்ன? நான் பாட்டுக்கு லாரி பாக்குறேன்" என்பார், வாகிமான் கேட்காதபோதே. ஆனாலும் பச்சை லாரி எது வந்தாலும் அக்காவின் விரல் நின்றுவிடும். இடது மூலையை இழுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார். முதன்முதலில் லாரி வாங்கி வந்த அன்று துகிரான் கடை ஓரத் தேக்குமரத்தில் இடித்தான். அந்த நசுங்கல் இடது மூலையில் இருக்கும். இல்லை என்று தெரிந்ததும் போனை முந்தானையில் துடைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போவார். வெங்காயம் ஏற்கெனவே உரித்துத்தான் இருக்கும்.

போன வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து கூட்டம் வருவதற்கு முன்னால், வாகிமான் கிரீஸ் கையில் போனை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, நம்ம சியந்தார்க்காரர் ஒரு படம் போட்டிருக்கார்."

"ஹேஷ்டேக் போட்டாரா?"

"இல்லை."

"அப்பவே நெனச்சேன். அதான் என் கண்ணுல படலே. அவருக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. நேத்திலேருந்து அவர் பக்கமே நான் போறதில்லை, அவர் போட்டா மணி அடிக்காமப் பண்ணி வெச்சிருக்கேன்."

"திட்டுறதை அப்புறம் திட்டலாம். மொதல்ல பாரு."

பச்சை லாரி. மாரோலோப் காபிக்கடை வாசல். 'ஜாவாக்கார டிரைவர், மூன்று காபி குடித்தார், யாரோடும் பேசவில்லை' என்று ஒரே வரி. அக்கா இழுத்துப் பெரிதாக்கினார். இடது மூலையில் நசுங்கல். முதுகில் பழைய எச்சரிக்கை இல்லை. அதன்மேல் வெள்ளை பூசி, நீலத்தில் புதிதாக எழுதியிருந்தது.

'அக்கா, உப்பில்லாத சோறு தொண்டையில் இறங்கவில்லை.'

அதற்குக் கீழே, லாரியின் அகலத்துக்கு, #லாரிமுதுகு. இரண்டு சொல்லுக்கும் முதல் எழுத்து பெரிதாக.

வாகிமான் தொண்டையைச் செருமினார். "அப்போ அவன் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டேதான் இருந்திருக்கான், அக்கா. சாறு சப்புன்னு இருக்குன்னு நீ எழுதுனது வரைக்கும்."

அக்காவுக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்க அவர் பெரிதாக ஒன்றும் முயலவில்லை. "எழுத்து கோணல்" என்றார். "அந்தக் கடைசி எழுத்தைப் பாருங்க. பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் எழுதுவான்." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வாகிமான் போனிலேயே மாரோலோபுக்குப் பதில் தட்டினார். 'ஐயா, ஹேஷ்டேக் போட மறந்துவிட்டீர்கள்.'

பதில் உடனே வந்தது. 'லாரியே போட்டிருக்கே, அக்கா. நான் வேற எதுக்கு?'

இத்தனை நாளில் அந்த சர்வரில் அக்கா பதில் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். போனை வாகிமானிடம் திருப்பிக் கொடுத்தார். தன் போனை எடுத்து, ஒரு நம்பரைத் தட்டி, காதில் வைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பக்கம் எடுத்த சத்தம் கேட்டது. லாரி என்ஜின் ஓடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எப்படா வர்றே?" என்றார் அக்கா.

என்ன பதில் வந்தது என்று வாகிமானுக்குக் கேட்கவில்லை. அக்கா போனை வைத்தார். கொதிக்கிற சோத்தோவில் ஒரு கரண்டி எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி, நக்கிப் பார்த்தார். பிறகு மேசை மேசையாகப் போய் உப்புக் கிண்ணங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் சேர்த்துக்கொண்டு வந்து, முதல் கிண்ணத்தைப் பானையில் அப்படியே கவிழ்த்தார்.