மூன்றாம் வீட்டுக் கொட்டாவி

எனக்குப் பயம் வந்தால் கை நடுங்காது, நெற்றி வேர்க்காது. கொட்டாவி வரும். ஒன்றல்ல, சந்தைக்குப் போகும் வண்டிகள் மாதிரி, ஒன்றன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்றாய் வரும். இப்போது யுத்தச் செய்தி கேட்டு ஊரே படபடக்கிறபோதும் நான் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கிறேன்.

இதற்குப் பெயர் பயம் என்று இருபத்து நாலு வயதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. சோம்பேறி என்றார் பள்ளிக்கூட வாத்தியார், பிரம்பால். கண்ணேறு என்றாள் அத்தை, கல்லுப்பும் மிளகாயுமாய். என் தலையைச் சுற்றும்போதே அவளுக்கும் கொட்டாவி வந்துவிடும். "பாத்தியா சாமி, எனக்கே வருது. ஊர்க்கண்ணு பூராவும் உம்மேலதான்" என்பாள். கொட்டாவி ஒட்டுவாரொட்டி என்பது அவள் சாத்திரத்தில் கிடையாது.

இந்த வாயால் இரண்டு சம்பந்தங்கள் போயின. ராசிபுரத்துப் பக்கம் ஒன்று, திருச்செங்கோட்டுப் பக்கம் ஒன்று. பெண் வந்து நின்றதும் நான் திறந்தேன். பையனுக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று ஒரு வீட்டில் முடிவு கட்டினார்கள். பையன் சீக்காளி என்று மற்ற வீட்டில். போனால் போகட்டும் என்றிருந்தேன்.

மூன்றாவது சேந்தமங்கலம். அதைப் போகட்டும் என்று விட முடியாது. அந்தப் பெண்ணை முந்தின மாதம் சந்தையில் பார்த்திருந்தேன். பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். வளையல்காரனோடு வழக்கு. "ஒடஞ்சது உங்க கையிலீங்க, எங்கையில இல்லீங்க." அத்தனை மரியாதையாய் ஓர் ஆளை நொறுக்க முடியுமா! அந்தக் குரலுக்குப் பக்கத்தில் ஆயுசு முழுக்க உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டேன்.

ஆசை எங்கே, கொட்டாவி அங்கே. வண்டி ஊரெல்லை தாண்டுமுன்னே ஆரம்பித்துவிட்டது. கொல்லிமலை எதிரே நீலமாய் எழ எழ, வாய் திறந்து திறந்து மூடியது. ஒவ்வொன்றுக்கும் அத்தை என் வாய்க்கு முன்னால் விரலைச் சொடுக்கிக்கொண்டே வந்தாள். திறந்த வாய்க்குள் கெட்டது எதுவும் புகுந்துவிடாதிருக்க எங்கள் பக்கத்துக் காவல் அது. வண்டியோட்டி வந்த மாமன், அத்தையின் புருஷன், திரும்பிப் பார்த்தார். "மாட்டுக்குப் போடற வாய்க்கூடு ஒண்ணு கெடக்குது. மாட்டி உட்டுரலாமா?"

அந்த வீட்டில் உட்கார்ந்தோம். பெண் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துப் போனாள். நான் கொட்டாவி விட்டேன். இன்னொரு சொம்பு வந்தது. விட்டேன். மூன்றாவது சொம்பு வந்தபோது பெண்ணின் அப்பாவுக்கே தொற்றிக்கொண்டது. பெரிதாய் ஒன்று விட்டு முடித்தவர், முகம் கறுத்தார்.

"மாப்ளைக்கு எங்க ஊடு அத்தன சலிப்பா இருக்குதுங்களா?"

"சேச்சே, ராவெல்லாம் தோட்டத்துக்குத் தண்ணி கட்டுனானுங்க" என்றார் மாமன்.

"கண்ணு பட்டுப்போச்சுங்க" என்றாள் அத்தை, அதே மூச்சில்.

"ரண்டுல எதுங்க?" என்று கேட்டவர், எங்கள் முன்னால் வைத்திருந்த வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதற்கும் ஒரு கொட்டாவிதான் வந்தது.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சந்தைக் குரல்.

"அப்பா, நம்மூட்டு நாயைக் குளிப்பாட்டக் கெணத்தடிக்கு இழுத்தா என்னுங்க பண்ணும்?"

"கொட்டாவி உடும் அம்மிணி. வரிசையா உடும்."

"அது தூக்கமுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். கிணற்றடியில் நிற்கும் நாயைப் பார்ப்பதுபோல், வெகுநேரம், இரக்கமாய்.

"ஏனுங்க மாப்ள, பயமுங்களா?"

"ஆமாங்க" என்றேன். பாதி திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

"எங்க பையனை நாயிங்கறாளே!" என்று அத்தை எழுந்தாள். "உக்காரு. குளிப்பாட்டிட்டாச் சரியாப் போயிரும்" என்றார் மாமன். பெண்ணின் அப்பா சிரித்தார். தட்டு திரும்பி வந்தது.

நான்காவது சொம்பும் வந்தது. யாரும் கேட்கவில்லை. முந்தின மூன்றும் தொடாமல் ததும்பி நின்றன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயம் வந்தால் எனக்கு வாய், அவளுக்குச் சொம்பு! நாலாவதை எடுத்து, ஒரே மூச்சில் குடித்தேன்.

சித்திரையில் கல்யாணம். தாலியை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்த நேரம் பார்த்து வந்தது கொட்டாவி, மூட ஒரு கை இல்லாமல். குனிந்த தலை நிமிராமல் அவள் விரலை உயர்த்தி என் வாய்க்கு முன்னால் ஒரு சொடுக்குப் போட்டாள். மேளக்காரர் சிரித்துத் தாளம் தப்பினார்.

முடிச்சுப் போட்டதும் சுண்டுவிரல்களைக் கோர்க்கச் சொன்னார்கள். அந்த வெயிலில் அவள் விரல் கிணற்றுக்கல்லாய்ச் சில்லிட்டிருந்தது.

"எத்தனை சொம்பு?" என்றேன், காதோரம்.

"இன்னிக்கு யாரும் சொம்பைத் தொட உடலீங்க" என்றாள்.