பித்தளைப் பட்டம் மூடிய பள்ளம்

என் வீட்டுக்காரரின் பேஸ் கிட்டார் வில்லாபுரம் வீட்டுக் கூடத்தில் ஆணியில் தொங்குகிறது. அதன் உடம்பில், கம்பிகள் வந்து முடிகிற கட்டைக்குப் பக்கத்தில், காளை மாட்டின் நெற்றியில் கட்டுகிற பித்தளைப் பட்டம் ஒன்று திருகி வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள், கிட்டாருக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று. சம்பந்தம் இருக்கிறது. பட்டத்துக்கு அடியில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில்தான் என் கல்யாணம் விழுந்து எழுந்தது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். பேச்சு வேறு எங்காவது போனால் முட்டியில் தட்டு என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கும் மேற்கே, டவுன் பஸ் திரும்புகிற கடைசி ஊர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் எனக்கு நல்லது கெட்டது எல்லாம் தாய்மாமன்தான். மாமா மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். பல்லைப் பார்க்காமல், நாலு எட்டு நடக்க விடாமல் ஒரு கன்றுக்குட்டியைக்கூட வாங்க மாட்டார். எங்கள் வீட்டில் ஒரு மயிலைப் பசு இருந்தது, என்னைத் தவிர யாரையும் மடியில் கை வைக்க விடாது. அதை மாமா பிடித்து வந்த கதை தனிக் கதை. சரி, தட்டிவிட்டாள்.

எங்கள் தெருவில் வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு அக்கா தன் தம்பிக்கு என்னைக் கேட்டார். தம்பி மதுரையில் பாட்டுக் கச்சேரியில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான் என்றார். “வாசிக்கிறதப் பாத்துட்டுச் சொல்றேன் தங்கச்சி” என்றார் மாமா அம்மாவிடம். வில்லாபுரத்தில் கோயில் திருவிழாவுக்குக் கச்சேரி வைத்திருந்தார்கள். சாமி கும்பிடப் போகிற மாதிரி அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

நாங்கள் பெண்களோடு மேடைக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தோம். மாமா பின்னால், குழாய் ஸ்பீக்கர் கட்டிய வேப்பமரத்தடியில். எனக்குக் கேட்டிருந்த அவர் மேடையில் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றார், ஒல்லியாக, கோடு போட்ட சட்டையில், குனிந்த தலை நிமிராமல். ஒரு பாட்டில் பாடுகிற அம்மாவுக்கு வரி மறந்துவிட்டது. கூட்டம் சிரித்தது, கீபோர்டுக்காரரும் சிரித்தார். இவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார், அவர் வரியைப் பிடிக்கிற வரைக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது. பிறகு ஒரு குத்துப் பாட்டு வந்தது. மாமா எழுந்து மேடைக்கு முன்னால் வந்தார், துண்டை இடுப்பில் கட்டினார், ஆடினார் பாருங்கள் ஒரு ஆட்டம்! இளவட்டங்கள் எல்லாம் ஒதுங்கி இடம் விட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பேச்சு இப்படிப் போனது.

“அந்தப் பய என்னத்த வாசிக்கிறான்? ஒரு சத்தத்தயும் காணோமே.”

“வாசிச்சாரேண்ணே. வெரலு ஆடுச்சுல்ல” என்றார் அம்மா.

“வெரலு ஆடுனாப் போதுமா? மடியத் தடவுனா பாலு வந்துருமா? பாடுறது கேக்குது, கீபோர்டு கேக்குது, டிரம்மு கேக்குது. இவன் சும்மா நிக்கிறான். மேடை நெறையணும்னு நிப்பாட்டி வச்சிருக்காய்ங்க.”

மாமாவே தொடர்ந்தார். “பங்குனிப் பொங்கலுக்கு இதே செட்டுதான் நம்ம ஊருக்கு வருது. அவன் சத்தம் ஏங் காதுல விழுகட்டும், தட்ட மாத்திக்கிருவோம். விழுகலன்னா இந்தப் பேச்ச விட்ருவோம்.”

அந்தப் பேச்சு அக்கா வழியாக அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் என்ன செய்தார் என்பதில் அக்கா அப்போதே என்னிடம் சொன்னது பாதி, கல்யாணத்துக்குப் பிறகு அவரே சொன்னது மீதி. கம்பிக்கு அடியில் ஒரு காந்தக் கட்டை உண்டு, பிக்கப் என்பார்கள். கிட்டாருக்குக் காது அதுதான். ஒருநாள் துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றைத் தட்டிக் காட்டினார். நடுவில் கயிறு ஓங்கி வீசி ஆடியது. ஆணிக்குப் பக்கத்தில் ஆட்டமே தெரியவில்லை, விரலை வைத்தால் சின்னதாக ஒரு நடுக்கம், அவ்வளவுதான். “கம்பியும் இப்படித்தான். காத கழுத்துப் பக்கம் தள்ளி வச்சா அந்தப் பெரிய ஆட்டம் கேக்கும். சத்தம் கனமா, உருண்டையா வரும். கம்பி முடியிற எடத்துக்கிட்ட வச்சா இந்த நடுக்கந்தான் கேக்கும். மெலிசா, வெறப்பா, ஒவ்வொண்ணும் தனித்தனியா வரும்” என்றார். கனமான சத்தத்தைக் குழாய் ஸ்பீக்கரால் தூக்க முடியாதாம். மேடையில் இருக்கிற பெட்டி ஸ்பீக்கரில் வரும், ஆனால் டிரம்மோடு டிரம்மாகக் கலந்துவிடும், பிரித்துக் கேட்கத் தெரியாது. மாமாவுக்கு நடந்தது அதுதான்.

அவர் கிட்டாரில் காது ஒன்றுதான், கழுத்துப் பக்கம் இருந்தது. தச்சுப் பட்டறையில் உட்கார்ந்து, உளியால் கம்பி முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் புதுப் பள்ளம் வெட்டி, காதைப் பிடுங்கி அங்கே நட்டுவிட்டார். கச்சேரி நடத்துகிற அண்ணன் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாராம். “கொசு கத்துற மாதிரி இருக்கேடா! ஒனக்குப் பொண்ணு வேணும்னா எங்களுக்குப் பேஸ் வேணாமாடா?”

“ஒரு நாளைக்கு மட்டும்ணே” என்றாராம் இவர்.

பங்குனிப் பொங்கலும் வந்தது. மாமா குழாய்க்கு நேர் கீழே கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் பாட்டு ஆரம்பித்ததும் மேலேயிருந்து டொய்ங் டொய்ங் என்று விழுந்தது. மாமா துள்ளி எழுந்தார். “கேக்குது! அந்தா, அவந்தான்!” போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டினார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். என் கல்யாணம் முடிவாகிவிட்டது.

ஆனால் எனக்கு உட்கார்ந்த இடம் சரியில்லாத மாதிரி இருந்தது. வில்லாபுரத்தில் பாய்க்கு அடியில் தரை அதிர்ந்தது, அது தொடை வழியாக ஏறி நெஞ்சுக்குள் வந்தது. இங்கே எல்லாச் சத்தமும் காதுக்கு மேலேயே நின்றது. பாட்டு தனியாகப் போனது, டிரம் தனியாகப் போனது. அந்தக் குத்துப் பாட்டு வந்தது. மாமா முன்னால் வந்து துண்டைக் கட்டினார், காலைத் தூக்கினார், கீழே வைத்தார். இன்னொரு தரம் தூக்கினார். பிறகு துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்.

“என்ன மாமா, வயசாயிருச்சா?” என்றது ஒரு இளவட்டம்.

“போடா. கச்சேரியே சரியில்ல.”

நான் மேடையைப் பார்த்தேன். அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு விசேஷத்துக்கு வந்தவர் மாதிரி அவர் நின்றார். பேசாமல் இருந்தால் எனக்குக் கல்யாணம். பேசினால் மாமா எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியாது, இவர் சத்தம் கேட்காமல் போனால் பேச்சை விடுவேன் என்றவர். இருந்தாலும் ஒருத்தரை அப்படி அடுத்தவர் சட்டையில் நிற்க வைத்துக் கட்டிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன்.

“மாமா, வில்லாபுரத்துல அம்புட்டு ஆட்டம் ஆடுனீக. இன்னைக்கு ஏன் காலு வரல?”

“அன்னைக்கு அடி நல்லாருந்துச்சு புள்ள. இன்னைக்கு இல்ல.”

“டிரம்மு அடிக்கிறது அதே ஆளுதான?”

மாமா எட்டிப் பார்த்தார். “அதே ஆளுதான்.”

“மாறுனது இவுக சத்தம் மட்டுந்தான் மாமா. ஒங்களுக்குக் கேக்கணும்னு எடத்த மாத்தி வச்சிருக்காகளாம். அக்கா சொன்னாக.”

மாமா தண்ணீரைக் குடிக்காமல் செம்பைப் பிடித்தபடி தன் காலையே பார்த்தார். மாட்டை நடக்க விட்டுப் பார்க்கிற மாதிரி. “அடி ஆத்தா, அப்ப அன்னைக்கு என்னய ஆட விட்டது அந்தப் பயலா!” என்றார். அப்புறம் விறுவிறுவென்று மேடை ஏறினார். பாடுகிறவர் நீட்டிப் பிடித்திருந்த மைக் பக்கத்தில் இருப்பதைக் கவனிக்கவில்லை. “ஏ மாப்ள! பழைய எடத்துலயே வச்சு வாசி. ஏங் காதுல விழுகாட்டாப் பரவால்ல!” குழாய் வழியாக ஊருக்கே கேட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மிமிக்ரிக்காரர் ஆடு மாதிரியும் அரசாங்க பஸ் மாதிரியும் கத்தி நேரத்தை ஓட்ட, இவர் திருகாணியைக் கழற்றிக் காதைப் பழைய பள்ளத்துக்கே கொண்டுபோனார். மறுபடியும் அதே பாட்டு. குழாயில் அவர் சத்தம் இல்லை. மாமா மட்டும் துண்டு அவிழ்ந்தது தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு அவர் கொண்டுவந்த சீர் இந்தப் பட்டம். அவருக்குப் பிடித்த காளை கட்டியிருந்தது. “பள்ளத்த மூடு மாப்ள, தூசி அடையும்” என்றார்.

பேத்தி இப்போது நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் படிக்கிறாள். அவளும் பேஸ் வாசிக்கிறாள். அவள் கிட்டாரில் ரெண்டு காது, இந்தக் குமிழைத் திருகினால் இது, அந்தக் குமிழைத் திருகினால் அது, வேண்டுமென்றால் கலந்துகொள்ளலாம். யாரும் உளி எடுக்க வேண்டியதில்லை. அன்றைக்குக் குழாய் கட்டிய ரேடியோ செட்டுக்காரர் பதிவு செய்த கேசட்டைப் போன வாரம் போனில் ஏற்றிக்கொண்டு வந்தாள். மாமா ‘ஏ மாப்ள’ என்று கத்துகிறார், குலவை வருகிறது, பாட்டு வருகிறது. போனைக் காதோடு வைத்துக் கேட்டாள். அவள் முகம் வாடிவிட்டது.

“தாத்தா கேக்கவே இல்லையே அப்பத்தா.”

அவர் இல்லாத வீட்டில் அந்த வார்த்தை ஒரு கணம் என்னையும் பிடித்துத்தான் உலுக்கியது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. “எங்க மாமன் மாதிரியே பேசுறியேடி. போ, ஒன் பெரிய ஸ்பீக்கர் பெட்டியத் தூக்கிட்டு வா.”

தூக்கி வந்து தரையில் வைத்து வயரைச் சொருகினாள். பாட்டு ஆரம்பித்தது. சாப்பிட்டு வைத்த தட்டு நகர்ந்தது. நான் உட்கார்ந்திருந்த பாய்க்கு அடியில் தரை லேசாக அதிர்ந்தது. பேத்தி என்னைப் பார்க்கவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணியில் தொங்கிய கிட்டாரில், அந்தப் பள்ளத்தின் மேல், திருகாணி தளர்ந்த பித்தளைப் பட்டம் கிண்கிண்ணென்று அதிர்ந்துகொண்டிருந்தது.