மேலங்கி கேட்டவர்

மெட்டில்டா மேடம் எங்கள் இறையியல் கல்லூரிக்கு வந்தது டைப்பிஸ்டாக. வீடு சேலையூரில். மாணவர்களின் ஆய்வேடுகளை அடிக்கும்போது நடுநடுவே கிரேக்கச் சொற்கள் வரும். அங்கே இடம் விட்டுவிட்டால் யாராவது பேனாவால் எழுதிக்கொள்வார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. முதலில் எழுத்துகளைக் கற்றார், பிறகு மொழியை. நாற்பத்தொன்பது வயதில் டாக்டர் பட்டம் வாங்கி, அதே கல்லூரியில் எனக்குக் கிரேக்கம் நடத்தினார். இப்போது நானும் அங்கேதான் பாடம் எடுக்கிறேன்.

பைபிளில், அப்போஸ்தலர் பவுல் கிரேக்கத்தில் எழுதியதாகச் சொல்லப்படும் நிருபங்களில் மூன்றைத்தான் அவர் ஆய்வுக்கு எடுத்திருந்தார். தீமோத்தேயுவுக்கு இரண்டு, தீத்துவுக்கு ஒன்று. பவுலின் மற்ற கடிதங்களில் எங்கும் வராத சொற்கள் இவற்றில் நிறைய வருகின்றன. பவுல் இறந்த பிறகு, அவர்மேல் பிரியம் வைத்த யாரோ அவர் பெயரில் எழுதியிருக்க வேண்டும் என்று, பல அறிஞர்களைப் போல அவரும் முடிவுக்கு வந்தார்.

சபையில் இது பரவியது. ஞாயிற்றுக்கிழமை வேதபாட வகுப்பை இனி எடுக்க வேண்டாம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. அவர் கணவர் ஷெர்வின் மின்சார ரயில் ஓட்டுநர். அதிகம் பேசாதவர். அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"அவ இத்தினி வருஷம் படிச்சிட்டுச் சொல்றா. நீங்களும் படிச்சிட்டு வந்து இல்லைன்னு சொல்லுங்க."

ஆனால் வீட்டில் அவர் அந்த ஆய்வைப் பற்றி மனைவியிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

போன வருடம் ஷெர்வினுக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். வார்டின் ஏசி ஒத்துக்கொள்ளாமல் இரண்டு போர்வைக்குள் கிடந்தார். ஒரு மத்தியானம், தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். சிறையில் சாவை எதிர்பார்த்திருக்கும் பவுல், சீக்கிரம் வந்துவிடு, நான் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா, குளிர்காலத்துக்கு முன்னால் வா என்று கேட்கும் இடம். மேடம் வாசித்தார்.

"மெட்டி, இத அவரேதான் எழுதினாரா?"

"ஆராய்ச்சியில அப்படி வரலைங்க. அவர் போனப்புறம் யாரோ எழுதினதுதான்."

"அப்ப அந்த மேலங்கி?"

"நிஜக் கடிதம் மாதிரி இருக்கணும்னு சேர்த்திருப்பாங்க."

ஷெர்வின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"அப்ப யாரும் குளிர்ல காத்துகினு கெடக்கலையா?"

குருவின் பெயரில் எழுதுவது அந்தக் காலத்தில் மரியாதை, அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது என்று மேடம் விளக்க ஆரம்பித்தார். "சரி, வுடு. நீ போய் டீ குடிச்சிட்டு வா" என்றார் ஷெர்வின். திரும்பி வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தார். மருந்து மயக்கத்தில் அப்புறம் கண் திறக்கவே இல்லை; மறுநாள் காலை மூச்சுத்திணறல் வந்து ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். நான்காம் நாள் இறந்துபோனார். டீ குடிக்கச் சொன்னதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

அஞ்சலி போஸ்டரில் சபையார் அதே அதிகாரத்திலிருந்து ஒரு வசனத்தைப் போட்டு, கீழே பவுலின் பெயரை அச்சடித்திருந்தார்கள்.

ஜூனில் கல்லூரி திறந்ததும் என்னைக் கூப்பிட்டு, "ஹெப்சி, இனிமே இந்த மூணு நிருபத்தையும் நீ எடு" என்று குறிப்புகளைக் கொடுத்தார். ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் மருத்துவமனையில் நடந்ததைச் சொன்னார். நான் யோசிக்காமல் வாயை விட்டேன்.

"மேலங்கி மாதிரி சொந்த விஷயங்கள் மட்டும் பவுலே எழுதின துண்டுக் கடிதங்களா இருக்கலாம்னு சில பேர் சொல்றாங்களே மேடம்?"

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று உறைத்தது.

"எனக்கு அதுல நம்பிக்கை இல்ல" என்றார். "ஆனா அப்படி ஒரு கருத்து இருக்குன்னு சொல்றதுல பொய் இல்லையே. வகுப்புல வருஷா வருஷம் சொல்றேன். அன்னிக்கு அது ஞாபகத்துக்கே வரல, ஹெப்சி. எம்புருஷன் என்கிட்ட ஆராய்ச்சி பத்திக் கேட்டது அந்த ஒரு தடவைதான்."

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச்சில் விருப்ப ஓய்வுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். முதல்வர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருகிறார், கடைசி பெஞ்சில் உட்கார்கிறார். ஆராதனையில் நிருப வாசிப்பு வரும்போது மட்டும் எழுந்து வெளியே போய், செருப்பு விடும் இடத்தில் நிற்கிறார்.